பாஸ் பெட்டி வாங்கும் முன்

பதுளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

அன்பு மகன் புவாதுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் தங்கச்சி றஷீதாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டும் இருக்கிறோம், அதிலிருந்தே எல்லாரும் சுகம் என்று விளங்கிக்கொள். குவைத் வெயிலில் நீயும் அப்படியே இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, வெலிமடைப் பாதையில் மண் சரிந்து கிழங்கு லொறிகள் நடுவழியில் நிற்கின்றன, லொறி நின்றால் யாவாரமும் நிற்கும், ஆகவே புடவைக் கடையில் நானும் ஈக்களும்தான். றஷீதாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, ஆனால் மருந்துக் குப்பியைக் கண்டால் மட்டும் திரும்பி வருகிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழும்பி, உட்கார்ந்து எழும்பி, உம்மா நாற்காலியில் ஆணி ஏதும் கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டாள். போன லீவில் நீ கொண்டுவந்த ஸ்டீரியோ செட்டின் இரண்டு ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடுகின்றன, ஆனால் றபான் மேளத்தின் அடி விழும் இடம் தகர டின்னில் தட்டியதுபோல் இருக்கிறது என்று உனக்கு எழுதியதே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடனே நீ, சப்வூஃபர் என்று ஒரு தனி பாஸ் பெட்டி இருக்கிறது, தாழ்ந்த சத்தத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், எட்டு அங்குலத்தில் மூடிய பெட்டியும் பதினைந்து அங்குலத்தில் ஓட்டை வைத்த பெட்டியும் பார்த்து வைத்திருக்கிறேன், எது வேண்டும், கூட்டாளி வாஹித் கப்பலில் போடும் சாமானோடு சேர்க்க வேண்டும், சுருக்காகப் பதில் போடுங்கள் என்று எழுதிவிட்டாய். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் அங்குலத்தைக் கேட்டால் அவனுக்குத் தெரிந்தது சீத்தைத் துணி அங்குலம்தானே. அதனால் பண்டாரவளையில் ரேடியோக் கடை வைத்திருக்கும் உன் மச்சான் மஹ்ரூபிடம் கேட்டேன். அவன், “மாமா, பதினஞ்சையே எடுக்கச் சொல்லுங்க, எட்டெல்லாம் கொசு ஊதின மாதிரி, பதினஞ்சு எண்டா ரோட்டுல போற பஸ்ஸும் நிண்டு கேட்டுட்டுத்தான் போகும்” என்றான். உம்மாவிடம் வந்து சொன்னேன். “பஸ் நிக்கட்டும், எங்கட கூரைத் தகரம் நிக்குமா எண்டு அவனிட்ட கேளுங்க” என்றாள். இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது, அந்த ஆசையால்தான் எல்லாம்.

அடுத்த வீட்டு ஹாஷிம் நானா மௌத்தானதை எழுதியிருந்தேன். அவருடைய மனைவி உம்மு குல்தூம் மாமி இன்னும் இத்தாவில், அந்த நாலு மாதம் பத்து நாள் துக்கத்தில் இருக்கிறார், வாசலுக்கு வருவதில்லை, வெளி ஆண்கள் கண்ணில் படுவதில்லை. இத்தா முடியும் வரை இந்த வீட்டில் பாட்டே போடக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்தாள், நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டியிருந்தேன். புதன்கிழமை பகல் மஹ்ரூப், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பெரிய பாஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். நான் தூக்கியது வயரை மட்டும், ஆனால் மூச்சு வாங்கியதும் நான்தான். முன் அறையில் பிளக் இருப்பது நமக்கும் ஹாஷிம் நானா வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில், ஆகவே பெட்டியை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தோம். இத்தா வீட்டுக்கு மரியாதை செய்வதாக நினைத்துச் சத்தத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பாட்டு எனக்கே கேட்காத அளவுக்குக் கொண்டுவந்தேன். அடி மட்டும் தெரியட்டும் என்று மஹ்ரூப் பாஸ் திருகியைக் கடைசி வரை திருகினான். அந்த அடி பாட்டை இங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் சுவரைத் தாண்டிப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும், மகன்.

அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்படும்போது நான் அந்தச் சுவரில்தானே கைமுட்டியால் தட்டுவேன், ஹாஷிம் நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவார், நீ பிறக்கும் முன்பிருந்தே அப்படித்தானே. நாங்கள் செட்டைப் போட்டதும் அஸரை அண்டிய நேரம். சற்று நேரத்தில் அவருடைய மகள் நூருல் இனாயா பின்வாசலில் வந்து நின்றாள், முகத்தில் இரத்தமே இல்லை. “மாமா, நீங்களா தட்டின? உம்மா தொப்பிய எடுத்து வச்சிக்கொண்டு, இஞ்சாருங்க, லத்தீப் நானா தட்டுறாரு எண்டு வாப்பாவக் கூப்பிடுறாங்க” என்றாள்.

உன் உம்மா வந்து வயரைப் பிடுங்கிய வேகத்தில் பிளக்கும் கையோடு வந்தது. அவளே அங்கே போய் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தாள். மாமி ஒரு வார்த்தை ஏசவில்லையாம், “லத்தீப் நானா மேல குறையில்ல, எனக்குத்தான் ஒரு நிமிசம் மறந்துபோச்சு” என்றாராம். ஏசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நேரில் போய் மாப்புக் கேட்கவும் வழியில்லை. உம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்து, “சொல்லிட்டேன், அதுக்காக உங்கட தவிப்பக் குறைக்க என்னால ஏலாது” என்று கறி தாளிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் தெமோதரைத் தோட்டத்து ரெங்கம்மா இரண்டு யார் துணி கேட்டாள், நான் மூன்று வெட்டினேன். “என்னங்க மொதலாளி, ரெண்டு கேட்டா மூணு வெட்டுறீங்க, எனக்கென்ன கல்யாணமா?” என்று சிரித்தாள். அந்த மூன்றாவது யார் இப்போது றஷீதாவுக்குச் சட்டையாகிறது.

மஹ்ரூப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். உனக்கும் வேண்டவே வேண்டாம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு நிமிடம் பெட்டியில் கை வைத்தபோது றபான் என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது, ஆசை இன்னும் போகவில்லை. ஆகவே பதினைந்தை விட்டுவிடு. எட்டு அங்குலம், மூடிய பெட்டி, அதற்கென்று தனியாகச் சத்தம் குறைக்கும் திருகி இருக்க வேண்டும், வயர் நீளமாக இருக்க வேண்டும், தெருப்பக்கச் சுவரோரம் வைப்பேன். இத்தா முடிந்து மாமி வாசலுக்கு வந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பேன், அதுவும் உம்மா போய்க் கேட்டு அவர் சரி என்றால் மட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வாஹிதுக்கு எங்கள் ஸலாம் சொல்லு. அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத் செய்வானாக, உன்னை நல்லபடி வீடு சேர்ப்பானாக. மறக்காமல் ஒன்று செய். கடைக்காரன் பெட்டியைப் போட்டுக் காட்டும்போது முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருக்காதே. வெளியே போய், அடுத்த கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். கையில் அடி விழுந்தால், அது எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் விட்டுவிட்டு வா. பைத்தியமா என்று கேட்பார்கள், வாப்பாவுக்கு என்று சொல்.

துஆவுடன்,
வாப்பா
லத்தீப்