சபைக்குக் காட்டிய முதுகு

அக்டோபர் 3, 1868
ஒத்திகையில் மறுபடி சண்டை. புதிய நாடகம் ஒரு வணிகர் வீட்டுக் கதை. மூன்றாம் காட்சியில் மருமகள் அழும்போது, மாமனாராகிய நான் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டுமாம். குழுவின் முதலாளி புரோகோர் சொல்கிறார்: "வீட்ல தேநீர் குடிக்கிறவன் ஊரைப் பார்த்துக்கிட்டா உக்காருவான்? நிஜமா இருக்கணும் பெரியவரே."

அக்டோபர் 4
முடியாது.

அக்டோபர் 7
மருமகளாக நடிக்கும் கிளஃபிரா வந்து கெஞ்சினாள். "நிக்கனோர் தாத்தா, உங்க முதுகைப் பார்த்தாத்தான் ஜனங்களுக்கு அழுகை வரும். மூஞ்சியைப் பார்த்தா சிரிப்புதான் வரும்." வாய்க்கொழுப்பு. அவளுக்கு என்ன தெரியும்? நான் பண்ணையடிமையாகப் பிறந்தவன். எஜமானின் சொந்த அரங்கில் பதினாறு வயதில் மேடையேறினேன். ஒரு நாள் வாள் கை நழுவியது. குனிந்து எடுக்கும்போது அவருக்கு முதுகைக் காட்டிவிட்டேன். குதிரை லாயத்தில் முப்பது கசையடி. எழுத்தை நானே கற்றேன், நடிப்பை நானே கற்றேன். முதுகைக் காட்டக்கூடாது என்ற இந்த ஒன்றைத்தான் அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

ஜார் மன்னர் அடிமைமுறையை ஒழித்து ஏழு வருடம். ஆனால் அந்த எஜமானின் மகள் ஒலிம்பியாதா அம்மா இன்றும் மேடையை ஒட்டிய தனிமாடத்தில்தான் வந்து உட்காருகிறாள்.

அக்டோபர் 9
"நாளைக்குள்ள சம்மதிக்கலேன்னா வேஷம் செமியோனுக்கு. உங்களுக்கும் இங்க இடமில்லை" என்றார் புரோகோர். அறுபத்து நாலு வயதில் எந்த ஊருக்குப் போவேன்? படியேறினாலே மூச்சு வாங்குகிறது.

அக்டோபர் 10
சரி என்று சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 15
நேற்று முதல் ஆட்டம். முதுகெல்லாம் கூசியது. கிளஃபிரா நிஜமாகவே அழுதாள். கீழே யாரோ ஒருவர் — மாவு வணிகராம் — வாய்விட்டே சொன்னார்: "அடேய், எங்கப்பாரு உக்கார்ற மாதிரியே இருக்குடா!" அரங்கு முழுக்கக் கைதட்டல். நடுக்காட்சியில் தட்டினால் நடிகன் எழுந்து தனிமாடத்தை நோக்கி வணங்க வேண்டும் — அதுதான் வழக்கம். திரை ஓரத்திலிருந்து புரோகோர் சீறினார்: "எழுந்திருங்க! அம்மாவே தட்டுறாங்க. கும்பிடுங்க!"

நிஜமா இருக்கணும்னு சொன்னது யாரு? எந்த வீட்டில் மாமனார் பாதியில் எழுந்து கும்பிடுகிறார்?

தட்டில் ஊற்றிய தேநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன். கைதட்டல் தானாக ஓய்ந்தது.

அக்டோபர் 16
காலையில் புரோகோர், "அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றார். போகவில்லை. அவரும் அப்புறம் கேட்கவில்லை. இன்றைய ஆட்டத்துக்குச் சீட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

உடம்பு அசதி. ஆட்டம் நன்றாகவே போயிற்று. ஒலிம்பியாதா அம்மா வரவில்லையாம். அவளுடைய மாடத்தில் அந்த மாவு வணிகர், பெண்டாட்டி பிள்ளைகளோடு. கிளஃபிரா சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.