தொட்டியில் மிஞ்சிய ஒரு கிழங்கு

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம், என் முட்டிதான் சுகமில்லை, நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கவேண்டும். போனில் பேசினால் என் நாக்கு தானாக வேறு பக்கம் திரும்பிவிடும், அதனால்தான் காகிதம். மோட்டார் ரிப்பேருக்கு நாலு ஊரும் என்னைத்தான் தேடி வருகிறது, நேற்றுகூட ஒரு இன்ஜினியர் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். சரி, இன்ஜினியர் இல்லை, அவருடைய டிரைவர். ஆயுசில் ஒரு கடுதாசியாவது உண்மையா எழுதுங்க என்று உன் சித்தி பக்கத்திலேயே நிற்கிறாள்.

உன் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று பேர் தெரியாத அந்தச் செடியைக் காட்டி, தம்பி, இதுல கைய வைக்காதீங்க, பாத்துக்கிட்டா போதும் என்றார். விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் தளிர்க்க வைக்கிறவன் சும்மா இருப்பேனா. அண்ணி கண்ணை மூடின மூன்றாம் மாதம் இலையெல்லாம் மஞ்சளாகித் தண்டு சாய்ந்தது. செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்தேன், உள்ளே சுருங்கின கிழங்குகள், வேரழுகல் என்று நானே நோய்க்குப் பேர் வைத்துக் குப்பை வண்டியில் போட்டேன். பிறகு பூத்ததா என்று நீ கேட்டாய். உனக்கு அனுப்பின படத்தில் இருக்கும் ஊதாப்பூ நர்சரியில் வாங்கி அதே தொட்டியில் வைத்தது மகளே. அம்மாவே வந்து நிக்கிற மாதிரி இருக்கு சித்தப்பா என்று நீ அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தும் டீச்சர் மோட்டாரோடு வந்தார். உன் அம்மாவின் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே இருந்த, அந்தச் செடியின் காய்ந்த பூவைக் காட்டினேன். லென்ஸ் வைத்து இதழை எண்ணி, ரயில் நீளத்துக்கு ஒரு பேர் சொன்னார். மலைச்சரிவில் அபூர்வமாக வளருமாம், பாதி வருஷம் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாதாம். அது சாகலைங்க, தூங்கப் போயிருக்கு, வருஷா வருஷம் அப்படித்தான் என்றார். நான் மோட்டாரை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

தொட்டியைக் கவிழ்த்த இடத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், சுண்டுவிரல் அளவில் ஒரே ஒரு கிழங்கு கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று டீச்சருக்கே நிச்சயமில்லை. ஊதாப்பூவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அம்மாவின் தொட்டியிலேயே மணல் கலந்து நட்டிருக்கிறேன். மழைக்காலம் வரை தண்ணீர் கூடாது, தோண்டிப் பார்க்கவும் கூடாது. தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அண்ணி கேட்டதும் அவ்வளவுதானே.

பழைய படத்தை அழித்துவிடு. முளைத்தால் செடியின் படம் வரும், முளைக்காவிட்டால் வெறும் மண்ணின் படம் வரும். எது வந்தாலும் அது அம்மாவின் தொட்டிதான். வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாக இரு.

கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் சித்தப்பா