மகள் சொல்லாமல் விட்டது

பார்க்கிங் நகர், கிழக்கு லண்டன்
மார்ச் 1991

அன்பின் தங்கை சிவமலருக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கொழும்பு வெள்ளவத்தையில் நீயும் அம்மாவும் வேறு அறைக்கு மாறிவிட்டீர்கள் என்று அறிந்து ஆறுதல். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அத்தானுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அவர் வந்து படுக்கும்போது நாங்கள் எழும்புவோம். கவுன்சில் தந்த வீட்டில் சுவரெல்லாம் ஈரம். ஆனாலும் சமையலறை எங்களுக்கென்று தனியாக இருக்கிறது.

மகள் அருள்மலருக்குப் பத்து வயதாகிவிட்டது. கவுன்சில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் இங்கிலீஷ் தெரியாத எனக்கு வாய் அவள்தான். அதைப்பற்றித்தான் எழுத வந்தேன்.

தை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அத்தான் நித்திரை என்பதால் அருளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து நெடுநேரம் கதைத்தார். அருள் எனக்குச் சொன்னது ஒரேயொரு வசனம்.

"பயப்பிட ஒண்டுமில்லையாம், தானாக் கரையுமாம்."

அவ்வளவு பேச்சுக்கும் இவ்வளவுதானா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பிடித்தது சந்தேகம். பஸ்ஸில் வாய் ஓயாதவள், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தபால் விழும் சத்தம் கேட்டால் எனக்கு முந்தி ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெண் கத்தரின், வேலியோரம் நின்று அருளோடு மெல்லக் கதைப்பாள், என்னைக் கண்டதும் சிரித்தபடி உள்ளே போய்விடுவாள். என்னைப்பற்றி இவர்களுக்கு என்ன கதை? தகப்பனும் இதில் கூட்டோ என்று அவரையும் நோட்டம் பார்த்தேன். அவர் குறட்டை விடும்போதுகூட, நடிப்போ என்று வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், தங்கச்சி.

டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது. பயொப்சி. ஆர்ச்வே முருகன் கோயிலில் பழக்கமான வேதவல்லி, திருச்சிக்காரி, இங்கே மருந்துக் கடையில் வேலை செய்கிறார். அவரிடம் அந்தச் சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"யாருக்குங்க, உங்களுக்கா? கட்டியில கொஞ்சம் எடுத்துப் பரிசோதனை பண்ணுவாங்க. தேதி குடுத்திருப்பாங்களே?"

அடுத்த நாளே அவர் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டார். திகதி கொடுத்திருந்தார்களாம். நான் வராததால் அது போய்விட்டதாம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். நான் சத்தம் போடவில்லை. அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"டொக்டர் சொன்னது எனக்கு விளங்கினது அம்மா. அதைத் தமிழில உங்களுக்குச் சொல்லத்தான் பயமாயிருந்தது. கட்டி தானாக் கரையுமோ எண்டு கத்தரின் அன்ரியிட்டக் கேட்டனான். சிலது கரையும் எண்டவா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தபாலை எடுத்து எங்கே போட்டாள் என்று நான் கேட்கவேயில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. நான் அவளை வேவு பார்த்திருக்கிறேன்.

அத்தானிடம் சொன்னபோது வேலை உடுப்போடு கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, "இனி நான் வாறன், பிள்ளை வேண்டாம்" என்றார். வருகிற புதன்கிழமைக்குப் புதுத் திகதி கிடைத்திருக்கிறது. வேதவல்லியும் வருகிறார். ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை இப்போது யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அத்தான் எனக்குத் தேநீர் ஊற்றித் தருகிறார், அதுவும் சந்தேகமாகவே இருக்கிறது.

அம்மாவுக்கு எதைச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இனி எழுதும்போது அருளுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. தமிழில், பெரிய எழுத்தில். உனக்கு என்ன பிடிக்கும், எதற்கு உனக்குக் கோபம் வரும், எல்லாம் எழுது. சித்தி என்றால் அவளுக்குப் படத்தில் உள்ள முகம் மட்டும்தான். உன்னோடு அவள் இப்போதே நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் பதில் எழுதமாட்டாள். நீ நிறுத்திவிடாதே.

முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அக்கா,
பாலாம்பிகை