தம்பியின் பேரில் ஒரு பூச்சி

வங்காலை,
ஐப்பசி 2024.

அன்பு மகள் டினோஜாவுக்கு,

மடு மாதா உனக்குத் துணையிருக்க அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே வேறு குறையில்லை. முதல் மழையும் விழுந்துவிட்டது. கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருப்பதால்தான் இந்தக் கடிதம். ஜெஸீம் மீன் லொறியோடு வரும்போது இதையும் ஒரு பெட்டியையும் தருவான். பெட்டியை வெயிலில் வைக்காதே.

நீ கேட்ட ஆண் பூச்சி கிடைத்துவிட்டது.

உன் தம்பி டிலோஜன் கடலுக்குப் போய் வள்ளம் மட்டும் திரும்பிய அந்த மாரியில்தான் இந்த மண்நிற அந்துப்பூச்சி நம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. செத்தவர்கள் இப்படித்தான் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று ஊரே சொல்லும். நானும் விரட்டவில்லை. செபமாலை முடிந்ததும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவனோடு கதைப்பதுபோல் கதைப்பேன். அவனுடைய வருட நினைவுப் பூசைக்கு வந்த நீ, அதில் ஒன்றைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனபோது எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது.

பிறகு போனில் சொன்னாய், இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம்போல் இருக்கிறது என்று. ஆனால் ஆண் பூச்சியின் வால்நுனியைத் திறந்து பார்த்தால்தான் மற்ற இனங்களிலிருந்து பிரித்துச் சொல்லலாம், அதில்லாமல் உன் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றும் சொன்னாய். ஆணின் தலைக்கொம்பு இறகுபோல் இருக்கும், பெண்ணினது நூல்போல் இருக்கும் என்று படமும் அனுப்பினாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வந்ததெல்லாம் பெண். இவ்வளவு காலமும் யாரோ முன்பின் தெரியாத பெட்டைகளிடம்தான் தம்பி, தம்பி என்று புலம்பியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் என்னைப் பகிடி பண்ணுகிற மனிசன் அன்று சிரிக்கவில்லை.

முந்தநாள் இது வந்தது. விளக்குக்குப் போகவில்லை, மாதா சுரூபத்துக்கும் போகவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் தம்பியின் சேட்டில் போய் இருந்தது. கொம்பு இரண்டும் இறகு. நீ சொன்னபடி பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைப்பதற்காகப் பிடித்துப் பெட்டியில் போட்டேன். அப்பா குறுக்கே வந்துவிட்டார். இதையெல்லாம் ஒருநாளும் நம்பாதவர், அதுக்குள்ள வையாதை, அவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பிரிட்ஜை மூடிவிட்டேன்.

உயிரோடு அனுப்புவது அதனால்தான், கோபிக்காதே. இந்தப் பூச்சிக்கு வாயில்லை, ஒன்றும் தின்னாது என்று முன்பு நீ சொன்னதால் தின்ன எதுவும் வைக்கவில்லை. வாயில்லாததால்தான் என்னோடு கதைக்கவில்லையோ என்றும் ஒரு யோசனை வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை.

இந்த இனத்துக்குத் தம்பியின் பேரை வைக்கப்போவதாகச் சொன்னாய். சந்தோசம்தான். உடல் கிடைக்காததால் சேமக்காலையில் அவனுக்கென்று ஓர் இடமில்லை. மியூசியத்திலாவது ஊசி குத்தி, கீழே பேரெழுதி வைப்பார்கள். ஆனால் அதற்கு முதலில் இதைக் கொல்லவேண்டும், அதையும் நீயே செய்யவேண்டும் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வருகிறதில்லை.

அம்மா ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. கொல்கிற போத்தலில் போடுவதற்கு முன், அறையில் வேறு ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, டிலோஜன் என்று ஒருக்கால் கூப்பிட்டுப் பார். சிறகை அசைத்தால் யன்னலைத் திறந்து விட்டுவிடு. உன் சேர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அசைக்காவிட்டால் உன் வேலையைச் செய். எது நடந்தாலும் எனக்குச் சொல்லவேண்டாம்.

மாதா உன் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
லூசியா