மேசைக்கு அந்தப் பக்கம்

என் அன்பு மகளுக்கு, அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை வாலு மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியதும் நான் சமைக்கும் அந்தச் சமையற்கட்டும் மூடியாயிற்று, இரண்டு மாதம் சம்பளம் கிடையாது, உனக்குத் தெரிந்ததுதான். வாலுவுக்கு அங்கே கிடைத்த மதியச் சாப்பாடும் நின்றது. வெயிலில் காய் விலை ஏறிக் கிடக்கிறது, தக்காளியைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். வீட்டில் காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் புதன்தோறும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குக் காயும் பழமும் ஒரு பை இலவசமாகத் தருகிறார்கள் என்று, தான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் கேள்விப்பட்டு வந்து உன் அம்மாதான் என்னை அனுப்பினாள். வாசலில் இருந்த அம்மாள், வாங்க, என்ன வேணும் என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறின கை நீள மாட்டேன் என்றுவிட்டது. உதவி பண்ணலாம்னு வந்தேங்க என்று வாய் தானாகச் சொன்னது. உடனே தொண்டர்கள் போடும் ஒரு மேலங்கியை மாட்டி மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். மூன்று புதன்கிழமை ஊரார் பைகளில் பீன்ஸும் கேரட்டும் நிரப்பிவிட்டு, நான் போவதற்குள் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் வாய் கூசாமல் பொய் சொன்னேன். பாவம், வெயிலில் அலைகிறாரே என்று உன் அம்மா எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாக வைத்தாள். அதையும் தின்றேன்.

நான்காவது புதன், அப்பாவுக்கு முன்னாடி போய் நின்னுடு என்று வாலுவை எனக்குத் தெரியாமல் உன் அம்மா அனுப்பியிருக்கிறாள். வரிசை நகர்ந்தது, தலையை நிமிர்த்தினால் எதிரே உன் தங்கை. என் மேலங்கியைப் பார்த்தாள், பின்னால் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தாள். பத்து வயசுதான், எல்லாம் புரிந்துவிட்டது. பெரியவங்க யாரும் வரலையா என்று எனக்குப் பக்கத்தில் பை நிரப்பிக்கொண்டிருந்த பெண் கேட்டதற்கு, அப்பாவுக்கு வேலை இருக்கு என்றாள். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் மானத்தை அந்தக் குழந்தை காப்பாற்றியதம்மா, எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. சாயங்காலம் உன் அம்மா பீன்ஸை நறுக்கிக்கொண்டே, எங்க வாலு கெட்டிக்காரி என்று மெச்சினாள். வாலு என் தட்டில்தான் முதலில் காய் வைத்தாள்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், எப்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சுப்பா என்கிறாயே, அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருக்கிறது. என் மூக்கை எடுத்துக்கொண்டாய், போகட்டும், இந்த வீம்பை எடுத்துக்கொள்ளாதே. இல்லை என்றால் இல்லை என்று யாரிடமாவது சொல். வரும் புதன் நான் வரிசையில் நிற்பேன், பையை வாங்கின பிறகுதான் மேலங்கி. உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உறையை ஒட்டுமுன் இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தலை குனிந்து, உன் அப்பா

அம்மா எழுதுகிறேன். படித்துக் காட்டினார். வரும் புதன் மூவருமே போகிறோம், இந்த மனுஷன் மறுபடியும் மேசைக்கு அந்தப் பக்கம் நழுவிவிடக் கூடாது. நீ இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? உண்மையை எழுது.