கொய்யாத் தோட்டத்துக்கு அடியில்

பிப்ரவரி 1, வியாழன்

ஹெப்பாளைத் தாண்டி ஒரு நிலம். முதலில் கொய்யாத் தோட்டம். பிறகு ஒரு லாரிக்காரர் வாங்கி, மண்ணுக்குள் டீசல் தொட்டியைப் புதைத்தார். இப்போது வீட்டுமனைகள். விற்பதற்கு முன் மண் சுத்தம் என்று எங்கள் அலுவலகம் எழுதித் தர வேண்டும்.

எங்களைக் கூப்பிட்டது சோதிப்பதற்கா, எழுதித் தருவதற்கா? மேலாளர் லிங்கப்பன் சாரிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

தொட்டியைச் சுற்றித் துளையிட்டோம். ஆள் உயரம் இறங்கியதும் மண் கறுத்தது. வாசனை — பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல.

அங்கே கட்டட வேலைக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். ஹனூர்ப் பக்கத்து மாதேவி அக்காதான் எல்லாருக்கும் சமைக்கிறார். தொட்டிக்குச் சற்றுத் தள்ளி போர்வெல். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றேன். இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மண்ணில் டீசல் இருந்தால்தான் தண்ணீரையும் சோதிப்பார்கள். ஒப்பந்தம் அப்படி.

மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அலுவலக ஃப்ரிட்ஜில் வைத்தேன். நாளை குண்டலுபேட்டையில் சித்தி மகள் கல்யாணம். பெங்களூர் ஆய்வகத்து வண்டி திங்கள் காலை வரும்.

பிப்ரவரி 5, திங்கள்

பஸ் தாமதம். படியேறும்போதே வாசனை. அறைக்குள்ளேயா?

தரையெல்லாம் செய்தித்தாள். அதில் மண் துகள். மேலே மின்விசிறி.

முரளிதரன் சார். பல வருடம் விவசாயிகளின் மண்ணைச் சோதித்தவர். அந்த மண்ணை நிழலில் உலர்த்தி, உடைத்து, சலித்து அனுப்புவார்கள். என் ஜாடிகளையும் திறந்து அதையே செய்திருக்கிறார். ஈர மண்ணை அப்படியே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஓடிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்திருக்கிறார். எனக்கு உதவியாக.

“உன் வேலையையும் சேர்த்து முடிச்சிட்டேம்மா. கல்யாணச் சாப்பாடு எப்படி?”

சலித்த மண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டிருந்தது.

சொன்னேன். டீசல் காற்றில் போய்விடும் சார், ஜாடியைத் திறக்கவே கூடாது. அவர் சிரித்தார். நாங்க என்ன நேத்தா வந்தோம் என்றார். குனிந்து செய்தித்தாள்களைச் சுருட்டினேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைப்பவர்.

பிப்ரவரி 6

ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. வாசனை போகவில்லை.

பிப்ரவரி 14, புதன்

முடிவு வந்துவிட்டது. டீசல்: கண்டறியப்படவில்லை.

லிங்கப்பன் சார் எல்லாருக்கும் காபி சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். கன்னடத்தில் மெதுவாக, ‘சும்னே இரு’ என்றார். சும்மா இரு. அம்மா சொல்வது போல, அன்பாகவே. அது இன்னும் மோசம்.

மண் எடுத்தவர் கையெழுத்து வேண்டும். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 15, வியாழன்

நிலத்துக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. போனேன்.

மாதேவி அக்காவுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. குடம் இடுப்பில்.

“ஏனுங் அம்மிணி, இனி இந்தத் தண்ணிய எடுத்துக்கலாமுங்களா?”

வேண்டாம்.

“நல்லாருக்குன்னு உங்க ஆபீஸ்ல எழுதிட்டாங்களாமே?”

அது தப்புக்கா. நான் இன்னும் கையெழுத்துப் போடல.

“அப்ப போட்டுட்டு வந்து சொல்லுங். எனக்கு இடுப்பு போச்சு.”

சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வரவில்லை.

பிப்ரவரி 16

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லிங்கப்பன் சார் கோபப்படவில்லை. உலர்த்திச் சலித்தது முரளிதானே, அவரே போடட்டும் என்றார். முரளிதரன் சார் தலையாட்டினார். பேனா உடனே கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 18, ஞாயிறு

முரளிதரன் சாருக்கு போன் செய்ய நாலு முறை எடுத்தேன். என்ன சொல்வது? நீங்க தப்பு செஞ்சீங்கன்னா? அது அவருக்குத் தெரியலையா, தெரிஞ்சும் — போதும்.

பிப்ரவரி 19, திங்கள்

எனக்கு முன்பே வந்திருந்தார். அறிக்கை அவர் முன்னால். கையெழுத்து இல்லை.

மண்ணைச் சலித்த அன்று அவர் போட்டிருந்த சட்டையை அவர் மனைவி மூன்று முறை துவைத்தாராம். பீரோவில் மற்ற துணிகளோடு வைக்க முடியவில்லையாம்.

“பாக்கியலட்சுமி கேக்கறாம்மா, எந்த லாரி ஷெட்டுக்குப் போனீங்கன்னு. மண்ணுல இல்லாதது என் சட்டைக்கு எப்படி வந்தது?”

எழுந்து, தானே லிங்கப்பன் சார் அறைக்குப் போனார். கதவு வெகுநேரம் சாத்தியிருந்தது.

மார்ச் 22, வெள்ளி

இரண்டாம் முறை எடுத்த மண்ணில் டீசல் இருந்தது. போர்வெல் தண்ணீரிலும், கொஞ்சம். மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். மனை விற்பனை நின்றிருக்கிறது. வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. முரளிதரன் சாரை மட்டும் கீழ்த்தளத்துக்கு, பழையபடி விவசாயிகளின் மண்ணுக்கு, மாற்றிவிட்டார்கள். மதியம் மேலே வருவதில்லை. நான் இரண்டு நாள் கீழே போனேன். சாப்பிட்டாச்சும்மா என்றார், இரண்டு நாளும்.

கொட்டகைக்கு இப்போது டேங்கர் வருகிறது. மாதேவி அக்கா ஒரு டம்ளர் நீட்டினார். பிளீச்சிங் பவுடர் நாற்றம். இதுல எப்படிங் சோறாக்குறது, அந்த போர் தண்ணிதான் ருசி என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

முழுவதும் குடித்தேன்.