இரண்டு அடுப்பு, ஒரு குடித்தனம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

இன்று முனிசிபாலிட்டி ஓவர்சீயர் வந்து என் வீட்டு அடுப்புகளை எண்ணினார்.

“ரெண்டு அடுப்பு இருக்குது. அப்போ ரெண்டு குடித்தனம். இந்தப் புதுத் தெருவுல மனைக்கு ஒரு குடித்தனந்தான்னு ரூல். பின்கட்டைக் காலி பண்ணச் சொல்லுங்கம்மா.”

பின்கட்டில் குடியிருப்பவள் கண்ணம்மா. புருஷனுக்கு ரயிலில் வேலை, மூன்று பிள்ளைகள். யுத்தம் வந்ததிலிருந்து விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் அந்தச் சம்பளத்துக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது.

பின்கட்டிலிருந்து வந்த அவள் என்னை முந்திக்கொண்டாள். “ஒரே குடும்பந்தாங்க சார். இவங்க என் மாமியாரு. எங்களுக்குள்ள ஆவல, அதான் தனியா ஆக்கிக்கினு இருக்கேன்.”

நான் அவளை முறைத்தேன். என் குழம்பைக் கழனித்தண்ணி என்று சொன்னவள் அவள். பொங்கலிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

ஓவர்சீயர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “மாமியாதான், சந்தேகமே இல்ல. எங்க வூட்லயும் இதே பேஜாருதான்.” ஒரு குடித்தனம் என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகின்றன. குழம்பைச் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் கூடாது. நாங்கள் சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் ஓவர்சீயருக்குச் சந்தேகம் வந்துவிடும்.